தரிசு உளுந்துக்கு ரைசோபியமா, யூரியாவா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சம்பாவும் தாளடியும் பழுக்கும் நேரத்தில் டெல்டா முழுவதும் உளுந்து, பயறு பற்றிய பேச்சு தொடங்கிவிடும். விதை வாங்கும் இடத்திலும் களத்துமேட்டிலும் டீக்கடையிலும் வருடந்தோறும் ஒரே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றைக் கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். பெரும்பாலும் நெல் தரிசில், அதாவது நெல் முடிந்த நிலத்தில் உழாமல், விதைக்கும் உளுந்தையும் பச்சைப் பயறையும் மனதில் வைத்து எழுதிய பதில்கள் இவை. போர்வெல் தண்ணீரில் சித்திரைப் பட்டம் போடுகிறவர்களுக்கு எங்கே கணக்கு மாறுகிறதோ அங்கே அதையும் சொல்லியிருக்கிறேன்.

உளுந்து தனக்கு வேண்டிய தழைச்சத்தை (நைட்ரஜனை) தானே எடுத்துக்கொள்ளும் என்கிறீர்கள். பிறகு எதற்கு ரைசோபியம் பொட்டலம்?

உளுந்து அதைத் தனியாகச் செய்வதில்லை. நாம் மூச்சுவிடும் காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன்தான். ஆனால் அந்த வடிவத்தில் இருக்கும் நைட்ரஜனை எந்தச் செடியாலும் பயன்படுத்த முடியாது. ரைசோபியம் வகை பாக்டீரியா உளுந்தின் வேருக்குள் புகுந்து, முடிச்சு கட்டி, அங்கே உட்கார்ந்து அந்த நைட்ரஜனை அம்மோனியாவாக மாற்றிக் கொடுக்கிறது. செடி அதற்குக் கூலியாகத் தன் இலையில் தயாரித்த சர்க்கரையைத் தருகிறது. பயறு வகைகள் காற்றிலிருந்து தழைச்சத்து பெறுவதற்கு வேர் முடிச்சே காரணம் என்று 1886-ல் ஜெர்மனியில் ஹெல்ரீகல், வில்ஃபார்த் என்ற இருவர் நிறுவினார்கள். இரண்டு ஆண்டு கழித்து நெதர்லாந்தின் பெய்யரிங்க் அந்த பாக்டீரியாவைத் தனியே பிரித்தெடுத்தார்.

ஆகவே பாக்டீரியா இல்லையென்றால் முடிச்சு இல்லை. முடிச்சு இல்லையென்றால் உளுந்தும் நெல்லைப் போல மண்ணில் உள்ளதை மட்டும் நம்பி நிற்க வேண்டியதுதான். விதை முளைக்கும் இடத்திலேயே சரியான பாக்டீரியா காத்திருக்க வேண்டும் என்பதற்காகத்தான் பொட்டலம்.

பொட்டலத்தைப் பிரித்தால் கருப்பு மண் போல இருக்கிறது. இதில் மருந்து எங்கே இருக்கிறது?

மருந்து எதுவும் இல்லை, உயிர் இருக்கிறது. அந்தக் கருப்புத் தூள் வெறும் ஊடகம். நெய்வேலியில் வெட்டி எடுக்கிறார்களே, அதுபோன்ற பழுப்பு நிலக்கரியை நன்றாக அரைத்து, அமிலத்தன்மை நீக்கி, பாக்டீரியா வளர்ந்த திரவத்தை அதில் ஊற வைத்திருக்கிறார்கள். உரக் கட்டுப்பாட்டு ஆணையின்படி ஒரு கிராம் தூளில் குறைந்தது 5 கோடி உயிருள்ள பாக்டீரியா இருக்க வேண்டும். திரவ வடிவமாக இருந்தால் ஒரு மில்லிலிட்டரில் 10 கோடி.

200 கிராம் பொட்டலம் என்றால் 1,000 கோடி. பத்து கிலோ உளுந்தில் ஏறக்குறைய இரண்டரை லட்சம் விதைகள் இருக்கும். எல்லாம் ஒட்டினால் ஒரு விதைக்கு 40,000 பாக்டீரியா வருகிறது. ஆனால் காயும்போதும் வெயிலிலும் அவற்றில் பெரும்பகுதி செத்துவிடும். அதனால்தான் வாங்கும்போதே உயிரோடு இருக்கிறதா என்பதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன். காலாவதி தேதியைப் பாருங்கள். வெயிலில் அடுக்கி வைத்திருக்கும் கடையில் வாங்காதீர்கள். வண்டிப் பெட்டிக்குள் மதியம் முழுவதும் வைத்துவிட்டு மாலையில் விதைக்குக் கலந்தால், கலப்பது நிலக்கரித் தூளை மட்டும்தான்.

ஏக்கருக்கு எத்தனை பொட்டலம்? எப்படிக் கலப்பது?

வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை, ஒரு ஹெக்டேர் விதைக்கு 3 பொட்டலம் ரைசோபியம், மண்ணில் உள்ள மணிச்சத்தை (பாஸ்பரஸை) கரைத்துக் கொடுக்கும் பாஸ்போபாக்டீரியா 3 பொட்டலம். ஏக்கருக்கு ஒன்றே கால் என்று வரும். கால் பொட்டலத்தைப் பிரித்து வைத்து என்ன செய்யப் போகிறோம்? ஏக்கர் விதைக்கு இரண்டாகவே கலந்துவிடுங்கள். அதிகமானால் கெடுதல் எதுவும் இல்லை.

வடித்து நன்றாக ஆறிய அரிசிக் கஞ்சியில் தூளைக் குழைத்து, விதை மேல் ஊற்றிக் கையால் புரட்ட வேண்டும். விதை ஒவ்வொன்றின் மேலும் மெல்லிய கருப்புப் படலம் தெரிந்தால் போதும். விதை கஞ்சியில் மிதக்கக் கூடாது, உளுந்தின் தோல் உரிந்துவிடும். பிறகு கோணிச்சாக்கில் பரப்பி நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி, அன்றைக்கே தெளித்துவிட வேண்டும். டெல்டாவில் அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பு, மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது, நிற்கும் நெல்லுக்குள்தான் விதையைத் தூவுகிறோம். நெல் தாளின் நிழலும் ஈரமும் பாக்டீரியாவுக்கு மிகவும் தோதான இடம். இந்த ஒரு விஷயத்தில் தரிசு உளுந்து, உழுது விதைக்கும் உளுந்தைவிடக் கொடுத்து வைத்தது.

விதையில் ஏற்கெனவே பூஞ்சாணக் கொல்லி கலந்திருக்கிறார்கள். அதன் மேலேயே ரைசோபியம் கலக்கலாமா?

கலக்கலாம். ஆனால் இடைவெளி வேண்டும். மருந்து முதலில், உயிர் கடைசியில் என்பதுதான் வரிசை. மருந்து கலந்து 24 மணி நேரம் கழித்து ரைசோபியம் கலப்பது வழக்கமான பரிந்துரை. ரைசோபியம் கலந்த விதையை அதிக நேரம் வைத்திருக்கவும் கூடாது. டிரைக்கோடெர்மா போன்ற உயிர்ப் பூஞ்சாணக் கொல்லியைப் பயன்படுத்தினால் இந்தத் தொல்லை குறையும்.

விதை தெளித்தாகிவிட்டது. ரைசோபியம் கலந்து விதை நேர்த்தி செய்யவில்லை. இனி ஒன்றும் செய்ய முடியாதா?

நேர்த்தி செய்ய முடியாமல் போனால், ஏக்கருக்கு 4 பொட்டலம் ரைசோபியத்தைப் பத்து கிலோ மக்கிய தொழுவுரம், பத்து கிலோ மணலோடு கலந்து தூவலாம். ஆனால் இதை விதைப்புக்கு முன்போ விதைக்கும்போதோ செய்வதுதான் முறை. விதை தெளித்து ஒன்றிரண்டு நாளுக்குள், மண் ஈரமாக இருக்கும்போது மாலை நேரத்தில் தூவினால் ஓரளவு பயன் உண்டு. செடி நான்கு இலை விட்ட பிறகு, மண் வெடிக்கத் தொடங்கிய பிறகு தூவுவது வீண். காய்ந்த மண்ணில் பாக்டீரியா நடந்து போய் வேரைத் தேடாது.

எங்கள் வயலில் தாத்தா காலத்திலிருந்து உளுந்துதான். மண்ணிலேயே பாக்டீரியா இருக்காதா?

இருக்கும். இதுவரை வந்த கேள்விகளில் நியாயமான கேள்வி இதுதான். உளுந்து, பச்சைப் பயறு, தட்டைப் பயறு ஆகியவற்றுக்கு முடிச்சு கட்டுவது பிராடிரைசோபியம் என்ற மெதுவாக வளரும் இனம். இது நம் மண்ணில் பரவலாக வாழ்கிறது. அதனால் பொட்டலம் கலக்காத வயலிலும் நீங்கள் முடிச்சைப் பார்ப்பீர்கள். பழைய உளுந்து வயலில் பொட்டலத்தால் விளைச்சல் பெரிதாகக் கூடிவிடும் என்று உங்களுக்கு யாராவது உறுதி கொடுத்தால் நம்ப வேண்டாம்.

பிறகு ஏன் கலக்கச் சொல்கிறேன்? இரண்டு காரணம். ஒன்று, டெல்டா மண் ஐந்து ஆறு மாதம் தண்ணீருக்கடியில் கிடக்கிறது. ரைசோபியம் காற்றை விரும்பும் உயிர். நீருக்கடியில் அதன் எண்ணிக்கை சரியும். முற்றாக அழியாது, ஆனால் விதை முளைக்கும் அந்த முதல் வாரத்தில் வேருக்கு அருகில் போதிய அளவு இருக்கும் என்று சொல்ல முடியாது. இரண்டு, மண்ணில் கிடக்கும் எல்லாப் பாக்டீரியாவும் ஒரே திறமை உடையவை அல்ல. முடிச்சை மட்டும் கட்டிவிட்டுச் சத்தைக் குறைவாகக் கொடுப்பவையும் உண்டு. விதையிலேயே நல்ல இனம் ஒட்டியிருந்தால், முதல் வேரில் இடம் பிடிப்பது அதுவாக இருக்க வாய்ப்பு அதிகம். யூரியா மூட்டையின் விலையில் சிறு பங்குதான் இதற்குச் செலவு. பல வருடம் பயறே போடாத வயல், புதிதாக மேடாக்கிய நிலம், உவர் மண் என்றால் யோசிக்கவே வேண்டாம், கட்டாயம் கலக்க வேண்டும்.

யூரியா போட்டால் நாலே நாளில் கரும்பச்சையாகிறதே. கண்ணால் பார்ப்பதை எப்படி இல்லை என்பது?

பச்சையாவது உண்மை. பச்சை இலையை நாம் விற்பதில்லை என்பதும் உண்மை. கணக்கைப் பாருங்கள். உளுந்தில் ஏறக்குறைய 24 விழுக்காடு புரதம். புரத எடையை 6.25-ஆல் வகுத்தால் நைட்ரஜன் எடை வரும். ஏக்கருக்கு 300 கிலோ உளுந்து எடுத்தால் அந்த மணியில் மட்டும் பதினொன்றரை கிலோ தழைச்சத்து வெளியே போகிறது. 45 கிலோ யூரியா மூட்டையில் இருப்பது 20.7 கிலோ தழைச்சத்து. உடனே "அரை மூட்டைக்குக் கொஞ்சம் மேலே போட்டால் போதுமே" என்று தோன்றும். பலரும் என்னிடம் இந்த இடத்தில்தான் வாதாடுகிறார்கள்.

போட்டது வேருக்குப் போய்ச் சேராது என்பதே பதில். தரிசு உளுந்துக்குப் பாசனம் இல்லை, உழவும் இல்லை. தாளும் சருகும் மூடிய மண்ணின் மேல் யூரியா கிடக்கும். ஈரம் பட்டதும் அது அம்மோனியாவாக மாறிக் காற்றில் போய்விடும். மண்ணுக்குள் கொண்டு போகத் தண்ணீர் இல்லாத நிலத்தில் மேலாக வீசும் யூரியாவில் எவ்வளவு நமக்கு மிஞ்சும் என்று நினைக்கிறீர்கள்?

தப்பித்து வேருக்குப் போன கொஞ்சமும் வேறொரு வேலையைச் செய்கிறது. மண்ணில் நைட்ரேட் கிடைத்தால் உளுந்து முடிச்சு கட்டுவதைக் குறைத்துக்கொள்ளும். ஏற்கெனவே கட்டிய முடிச்சின் வேலையும் மந்தமாகும். சும்மா கிடைப்பதற்குச் சர்க்கரை செலவழிக்க அதற்கு என்ன தேவை? ஆனால் அந்த யூரியா இரண்டு மூன்று வாரத்தில் தீர்ந்துவிடும். செடிக்குத் தழைச்சத்து அதிகமாகத் தேவைப்படுவது பூவெடுத்துக் காய் பிடிக்கும் நேரத்தில். அப்போது மண்ணிலும் இருக்காது, வேரில் முடிச்சும் போதாது. அதோடு, கொழுத்து வளர்ந்த இலை மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்தையும் சீக்கிரம் உறிஞ்சிவிடும். இளந்தளிரைத் தேடி அசுவினியும் வெள்ளை ஈயும் வரும். மாசி வெயிலில் ஈரத்தைச் சேமித்து நிற்க வேண்டிய பயிருக்கு இதைவிடப் பெரிய கெடுதல் இல்லை.

அப்படியானால் பரிந்துரையிலேயே தழைச்சத்து ஏன் எழுதியிருக்கிறது?

இறவை (பாசன) உளுந்துக்கு ஹெக்டேருக்கு 25 கிலோ தழை, 50 கிலோ மணி, 25 கிலோ சாம்பல் சத்து (பொட்டாசியம்) என்றும், மானாவாரிக்கு அதில் பாதி என்றும் பரிந்துரை இருக்கிறது. இந்தத் தழைச்சத்து தொடக்கத்துக்கு மட்டும். விதையில் இருந்த சத்து தீர்ந்து, முடிச்சு வேலை தொடங்காத இடைப்பட்ட நாட்களில் செடி கொஞ்சம் வெளிறும். அதைத் தாண்டிவிடக் கொடுக்கும் கைத்தாங்கல் அது.

அதற்கென்று யூரியா வாங்கவும் வேண்டாம். இறவைக்கு ஏக்கருக்கு 20 கிலோ மணிச்சத்து வேண்டும். அதை டி.ஏ.பி.யாக (டை அம்மோனியம் பாஸ்பேட் உரமாக) கொடுத்தால் 43 கிலோ. அந்த 43 கிலோவிலேயே கிட்டத்தட்ட 8 கிலோ தழைச்சத்து வந்துவிடுகிறது. பரிந்துரையில் பத்து கிலோ. இடைவெளி மிகச் சிறியது, விட்டுவிடலாம். மணிச்சத்தை மட்டும் விடாதீர்கள். காற்றின் நைட்ரஜனை உடைக்க முடிச்சுக்கு ஏராளமான ஆற்றல் தேவை, அந்த ஆற்றலைச் சுமப்பது பாஸ்பரஸ். மணிச்சத்து குறைந்த மண்ணில் எவ்வளவு ரைசோபியம் கலந்தாலும் முடிச்சு சிறுத்தே இருக்கும். பாஸ்போபாக்டீரியாவைச் சேர்த்துக் கலக்கச் சொல்வதும் இதற்காகத்தான்.

தரிசு உளுந்தில் அடியுரம் போட வழியில்லை. அங்கே இலைவழித் தெளிப்புதான்.

டி.ஏ.பி. தெளிப்பிலும் தழைச்சத்து இருக்கிறதே. அதனால் முடிச்சு கெடாதா?

கெடாது. ஏக்கருக்கு 4 கிலோ டி.ஏ.பி.யை முதல் நாள் மாலை ஊற வைத்து, மறுநாள் தெளிந்த நீரை மட்டும் வடித்து, 200 லிட்டராக்கித் தெளிக்கிறோம். அதில் தழைச்சத்து முக்கால் கிலோகூட இல்லை. அதுவும் இலை வழியாக, பூக்கும் தருணத்தில் ஒரு முறை, 15 நாள் கழித்து ஒரு முறை. அதற்குள் முடிச்சு கட்டி முடிந்திருக்கும். காய் முற்றத் தொடங்கினால் சர்க்கரை எல்லாம் காய்க்குப் போகும், முடிச்சு பட்டினி கிடந்து தளரும். அந்த நேரத்தில் இலை வழியாகக் கிடைக்கும் சிறு சத்து பூ உதிராமல் காக்கிறது. தரிசு உளுந்தில் ஒரே ஒரு செலவுதான் செய்ய முடியும் என்று யாராவது சொன்னால், இந்தத் தெளிப்பைத்தான் செய்யச் சொல்வேன்.

பல்கலைக்கழகத்தின் பயறு ஒண்டர் என்ற சத்துக் கலவை கிடைத்தால் பூக்கும் தருணத்தில் ஏக்கருக்கு 2 கிலோ தெளிக்கலாம். அதையும் டி.ஏ.பி.யையும் ஒரே டேங்கில் கலக்க வேண்டாம்.

பாக்டீரியா வேலை செய்கிறதா என்று எனக்கு எப்படித் தெரியும்?

தோண்டிப் பாருங்கள். முளைத்து 25 முதல் 30 நாளில், வயலின் நடுவிலும் ஓரத்திலுமாகச் சில செடிகளைத் தேர்ந்தெடுத்து, மண்வெட்டியால் மண்ணோடு பெயர்த்தெடுங்கள். கையால் பிடுங்கினால் முடிச்சு மண்ணிலேயே அறுந்து நின்றுவிடும். பிறகு "முடிச்சே இல்லை" என்று தவறாக முடிவு செய்வோம். நம் களிமண் கட்டியாக வரும். அதை ஒரு வாளித் தண்ணீரில் ஊறவிட்டுத் தானாகக் கரையவிட வேண்டும்.

முடிச்சு எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள். ஆணிவேரின் மேல்பகுதியில், தண்டுக்கு அருகில் கொத்தாக இருந்தால் விதையில் ஒட்டிய பாக்டீரியா பிடித்திருக்க வாய்ப்பு அதிகம். பக்க வேர்களில் ஆங்காங்கே சிதறி இருந்தால் பெரும்பாலும் மண்ணில் இருந்தவை. அடுத்து, முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக, ரத்தச் சாயலோடு இருந்தால் வேலை நடக்கிறது. நம் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் பொருளுக்கு உறவான ஒன்று அங்கே ஆக்சிஜனை அளந்து கொடுக்கிறது. சிவப்பு அதனுடைய நிறம். இதை ஒரு முறை கண்ணால் பார்த்த விவசாயிக்கு அதன் பிறகு நான் எதையும் விளக்க வேண்டியிருந்ததில்லை.

கீறிப் பார்த்தேன். உள்ளே வெள்ளையாக இருக்கிறது. சிலவற்றில் பச்சை.

எத்தனையாவது நாள் என்பதைப் பொறுத்தது. 15 நாளில் வெள்ளையாக இருந்தால் இன்னும் வேலை தொடங்கவில்லை, பொறுக்கலாம். 30 நாளிலும் வெள்ளை என்றால் அது சத்து கொடுக்காத முடிச்சு. மண்ணில் இருந்த திறமையற்ற பாக்டீரியா இடம் பிடித்திருக்கலாம், அல்லது மணிச்சத்தோ மாலிப்டினம், இரும்பு போன்ற நுண்சத்தோ குறைந்திருக்கலாம். 50 நாளுக்கு மேல் பச்சையும் பழுப்பும் தெரிவது இயற்கை. ஆடுதுறை 3 போன்ற ரகம் 70, 75 நாளில் முடிந்துவிடும், முடிச்சு அதற்கு முன்பே ஓய்ந்துவிடும். பூப்பதற்கு முன்பே பச்சையாகிவிட்டால் தண்ணீர் தேங்கியதா, வறட்சி தாக்கியதா, யாராவது யூரியா வீசினார்களா என்று பாருங்கள்.

செடி மஞ்சளாகிறது. இப்போதாவது யூரியா கொடுக்கலாம் அல்லவா?

எந்த மஞ்சள் என்று பார்க்காமல் கொடுக்காதீர்கள். அடியிலைகள் முழுவதும் ஒரே சீராக வெளிறி, மேலே தளிர் பச்சையாக இருந்தால் அது தழைச்சத்துக் குறை. இளம் இலையில் பளிச்சென்ற மஞ்சளும் பச்சையும் திட்டுத் திட்டாகக் கலந்திருந்தால் அது மஞ்சள் தேமல். வெள்ளை ஈ பரப்பும் வைரஸ் நோய், அதற்கு எந்த உரமும் மருந்தல்ல. அந்தச் செடியைத் தொடக்கத்திலேயே பிடுங்கி அழிப்பதும், அடுத்த முறை தாங்கி வளரும் வம்பன் ரகங்களைத் தேர்ந்தெடுப்பதும்தான் வழி. இங்கே யூரியா கொடுத்தால் வெள்ளை ஈக்கு விருந்து வைத்ததாகும். இளம் இலையில் நரம்பு மட்டும் பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இருந்தால் இரும்புச்சத்துக் குறை.

உண்மையாகவே தழைச்சத்துக் குறைதான், தோண்டிப் பார்த்தால் முடிச்சும் இல்லை என்றால், அப்போது யூரியாவைத் தண்ணீரில் 2 விழுக்காடு கரைத்து, அதாவது லிட்டருக்கு 20 கிராம், மாலையில் இலையில் தெளிக்கலாம். யூரியாவுக்கு உளுந்தில் நான் ஒப்புக்கொள்ளும் இடம் இது ஒன்றுதான். மண்ணில் வீசுவது அப்போதும் வேண்டாம்.

விதைத்த பிறகு மழை பெய்து மூன்று நாள் தண்ணீர் நின்றுவிட்டது. ரைசோபியம் செத்திருக்குமா?

பாக்டீரியாவைவிடச் செடியைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும். 2023 பிப்ரவரியில் பருவம் தவறிப் பெய்த மழை டெல்டாவில் தரிசு உளுந்தை எப்படி அழித்தது என்பதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். முடிச்சுக்கும் மூச்சுவிடக் காற்று வேண்டும். தண்ணீர் நின்றால் அதன் வேலை உடனே நின்றுவிடும், செடி மஞ்சளாகும். இரண்டு நாளுக்குள் வடிந்தால் மீண்டுவிடலாம். அதற்கு மேல் போனால் வேர் அழுகும்.

அறுவடைக்கு முன்பே வயலில் தாழ்ந்த பக்கம் பார்த்து வடிகால் வாய் வெட்டி வையுங்கள். நெல் அறுக்கும் இயந்திரத்தின் தடத்தில்தான் முதலில் நீர் தேங்கும். அந்தத் தடங்களை வாய்க்காலோடு இணைத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். ரைசோபியமா யூரியாவா என்று நாள் கணக்கில் விவாதிக்கிற நாம், ஒரு மண்வெட்டி வேலையைத் தள்ளிப்போடுகிறோம் என்பது எனக்கு உள்ளபடியே வருத்தம்.

நெல்லுக்கு வாங்கிய அசோஸ்பைரில்லம் மீதி இருக்கிறது. அதையே உளுந்துக்குக் கலந்தால் என்ன?

இரண்டும் உயிர் உரம்தான், வேலை வேறு. அசோஸ்பைரில்லம் வேரைச் சுற்றி வாழும், முடிச்சு கட்டாது. வேர் வளர்ச்சிக்கு உதவலாம், ரைசோபியத்தின் இடத்தை நிரப்பாது. அதுபோலவே எல்லா ரைசோபியமும் எல்லாப் பயறுக்கும் பொருந்தாது. உளுந்துப் பொட்டலம் பச்சைப் பயறுக்குச் சரி. கொண்டைக்கடலைக்கு உரிய இனம் வேறு, அது உளுந்தில் உதவாது. ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கம் நிலக்கடலை போடுகிறவர்கள் கடலைக்கென்று கேட்டு வாங்குங்கள். பொட்டலத்தின் மேல் எந்தப் பயிர் என்று எழுதியிருக்கும்.

ஜீவாமிர்தம், பஞ்சகவ்யம் பற்றியும் கேட்கிறார்கள். ஊற்றுங்கள், தடையில்லை. ஆனால் அவற்றில் உளுந்துக்கு உரிய ரைசோபியம் போதிய எண்ணிக்கையில் இருக்கும் என்று எண்ணி விதை நேர்த்தியை விட்டுவிடாதீர்கள்.

நானோ யூரியா தெளித்தால் முடிச்சும் கெடாது, சத்தும் கிடைக்கும் என்கிறார்கள். சரியா?

முடிச்சு கெடாது என்பது சரி. காரணம் எளியது. முதலில் விற்பனைக்கு வந்த, 4 விழுக்காடு தழைச்சத்து கொண்ட அரை லிட்டர் பாட்டிலில் இருந்தது 20 கிராம் நைட்ரஜன். மேலே போட்ட கணக்கில் நம் பயிருக்குத் தேவை பதினொன்றரை கிலோ. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, பாட்டிலுக்குக் கொடுக்கும் பணத்தை டி.ஏ.பி.க்குக் கொடுக்கலாமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

இணையத்தில் பீன்ஸுக்குத் தழைச்சத்து நிறையப் போடச் சொல்கிறார்கள். உளுந்தும் அதே குடும்பம்தானே?

குடும்பம் ஒன்று, குணம் வேறு. கொடைக்கானலிலும் நீலகிரியிலும் விளையும் பீன்ஸ், காற்றிலிருந்து தழைச்சத்து எடுப்பதில் பயறு வகைகளிலேயே பின்தங்கியது. அதற்குரிய பாக்டீரியாவும் வேறு. அதனால் அதற்கு உரமாகத் தழைச்சத்து கொடுப்பதில் நியாயம் உண்டு. அந்த அளவை நம் உளுந்து வயலுக்குக் கொண்டுவரக் கூடாது. பிற நாட்டுச் சோயாப் பரிந்துரையும் அப்படியே. உளுந்து, பச்சைப் பயறு என்று பெயர் சொல்லி, நெல் தரிசு என்று நிலம் சொல்லித் தேடுங்கள்.

வேதாரண்யம் பக்கம் எங்கள் நிலம் உவர். முடிச்சே பிடிப்பதில்லை.

உப்பு முதலில் தாக்குவது வேர்த்தூவியை. பாக்டீரியா நுழையும் வாசலே அதுதான். செடி ஓரளவு தாங்கும் உப்பிலும் முடிச்சு பிடிக்காமல் போகும். இங்கே பொட்டலத்தின் எண்ணிக்கையைக் கூட்டுவது மட்டும் உதவாது. நெல்லுக்கு முன் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுவது, களர் என்று மண் பரிசோதனை சொன்னால் ஜிப்சம் இட்டு நல்ல நீரால் அலசி வடிப்பது, இவை முந்தைய பருவத்திலேயே செய்ய வேண்டியவை. உளுந்துக்குத் தொழுவுரத்தோடு ரைசோபியம் கலந்து விதைப்போடு தூவுங்கள்.

உளுந்து போட்ட வயலில் அடுத்த குறுவை நெல்லுக்கு எத்தனை மூட்டை யூரியா குறைக்கலாம்?

நீங்கள் கொடியை என்ன செய்கிறீர்கள் என்று முதலில் சொல்லுங்கள். முடிச்சு பிடித்த தழைச்சத்தில் பெரும்பங்கு மணிக்குள் போய்விடுகிறது, அதை விற்றுவிட்டோம். மிச்சம் கொடியிலும் பொட்டிலும் (அடித்த பிறகு மிஞ்சும் காய்த்தோலிலும்) உதிர்ந்த இலையிலும் வேரிலும் இருக்கிறது. கொடியைப் பிடுங்கிக் களத்தில் அடித்து, அந்தப் பொட்டு முழுவதையும் மாட்டுக்குப் போட்டால் வயலுக்கு மிஞ்சுவது உதிர்ந்த இலையும் வேர் மிச்சமும்தான். அந்தச் சாணம் எருவாக அதே வயலுக்குத் திரும்பினால் கணக்கு கொஞ்சம் நேராகும். செடியை அறுத்தெடுத்து வேரை மண்ணிலேயே விட்டால் அதுவும் நல்லது. "உளுந்து போட்டாயிற்று, நெல்லுக்கு யூரியாவே வேண்டாம்" என்பது மிகை. மண் பரிசோதனையும், நெல் இலையின் பச்சையை ஒப்பிட்டுப் பார்க்கும் இலை வண்ண அட்டையும் சொல்வதைக் கேட்டு மேலுரத்தைக் குறையுங்கள்.

இவ்வளவும் சொன்னீர்கள். எங்கள் வயலுக்கு இது பொருந்துமா என்று எப்படி நம்புவது?

உங்கள் வயலிலேயே பாருங்கள். ஒரு மா (ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஏக்கர்) அளவு மட்டும் நேர்த்தி செய்யாத விதையைத் தூவுங்கள். அந்த விதையை முதலில் தூவிவிட்டுப் பிறகு நேர்த்தி செய்த விதையைக் கையில் எடுங்கள், இல்லாவிட்டால் கையில் ஒட்டிய பாக்டீரியா அங்கேயும் போய்விடும். அந்த மா, மற்ற இடத்தைப் போலவே மேடு பள்ளம் உள்ளதாக இருக்கட்டும். வாய்க்கால் ஓரத்தையோ மர நிழலையோ ஒதுக்காதீர்கள். யூரியாவை விட மனமில்லாதவர்கள் இன்னொரு மாவில் வழக்கம்போல வீசிப் பாருங்கள். டி.ஏ.பி. தெளிப்பு மூன்றுக்கும் ஒன்றுபோல இருக்க வேண்டும்.

30-ஆம் நாள் மூன்று இடத்திலும் தோண்டி வேரைப் பாருங்கள். இலையின் நிறத்தை வைத்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள், அந்த நேரத்தில் யூரியா போட்ட மாதான் அழகாக இருக்கும். அறுவடையில் மூன்றையும் தனித்தனியாக அடித்து, தனித்தனிச் சாக்கில் கட்டி, எடை போட்டுச் செலவைக் கழித்துப் பாருங்கள். ஒரு வருடத்து எடையை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். மழை குழப்பிய வருடமாக இருந்தால் மறு தையிலும் இதையே செய்து பாருங்கள்.